குழி மறிப்பு

கொரோபா
11 நவம்பர் 1994

பயறுதின்னி மொதிபோ துன்காராவுக்கு,

உன் எஜமானி நஸீரா தன்யோகோ எழுதுவது.

உன் அப்பாவைப் புதைத்து எட்டு நாள் ஆகிறது. என் இடுப்பு வலி இன்னும் போகவில்லை. ஆறடிக் குழிக்குள் இறங்கி, செம்மண்ணில் மல்லாந்து படுத்து, "ஆடு குடுக்காம இந்தக் கிழவனை உள்ள விடமாட்டேன்" என்று கத்துவது லேசான வேலையா? அதுவும் அவருடைய கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவருடைய குதிரைமயிர்ச் சாமரத்தை வீசிக்கொண்டு. கூட்டத்தில் நாலு நாட்டு ஜனாதிபதிகள் இருந்தார்கள். ஒருவர் மயங்கி விழப் பார்த்தார்.

நீ உன் காரியதரிசியிடம் கேட்டது குழிக்குள் எனக்குக் கேட்டது. "யாரு இந்தப் பொம்பளை? குடிச்சிருக்காளா?" உன் காவலாளி துப்பாக்கியை வேறு தூக்கிவிட்டான். நல்லவேளை, உன் அத்தை உன் காதைப் பிடித்துத் திருகினாள். "அட மடையா, அவ தன்யோகோடா! நம்ம கேலிமுறை! சிரி, சிரிச்சுத் தொலை, ஊரே பாக்குது!"

சிரித்தாய். கொஞ்சம் தாமதமாக, பல் வலிக்காரன் மாதிரி. ஆனாலும் சிரித்தாய்.

வெளிநாட்டில் பதினான்கு வருடம் படித்தால் இதெல்லாம் மறந்து போகும்போல. அதனால் எழுதிவைக்கிறேன், மடித்துப் பையில் வைத்துக்கொள். துன்காரா குலம் என்றால் குதிரைக்காரர்கள், நாட்டை ஆண்டவர்கள். தன்யோகோ என்றால் படகுக்காரர்கள், உங்களை ஆறு தாண்ட வைத்தவர்கள். நாங்கள் உங்களைப் பயறுதின்னி, அடிமை என்று என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், நீங்கள் கோபப்படக் கூடாது. நீங்களும் எங்களைச் சொல்லலாம். ஒருவர் ரத்தத்தை இன்னொருவர் சிந்தக் கூடாது. முறையைச் சொல்லி ஒன்று கேட்டால் மறுக்கக் கூடாது. ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் மற்றவர் போய்க் குழியை மறிக்க வேண்டும். செத்தவர் பொருளை அணிந்துகொண்டு, அவரைப் போலவே பேசிக்காட்ட வேண்டும். அழுகிறவர்கள் சிரிக்கும்வரை குழியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. சிரிக்க ஆளில்லாமல் மண்ணுக்குள் போனவன் தெருவில் எறியப்பட்டவனுக்குச் சமம்.

இன்னொன்று. கேலிமுறைக்காரி என்றைக்கு உன்னிடம் மரியாதையாகப் பேச ஆரம்பிக்கிறாளோ, அன்றைக்கு உறவு அறுந்துவிட்டது என்று அர்த்தம்.

உன் அப்பா இருபத்தாறு வருடம் இந்த நாட்டின் கழுத்தில் உட்கார்ந்திருந்தார். வாய் திறந்தவர்களை எல்லாம் உள்ளே போட்டார். நான் மூன்று தடவை அவர் முகத்துக்கு நேரே "திருடா" என்றிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு கூம்பு சர்க்கரை கொடுத்தனுப்பினார். முறை தெரிந்த மனுஷன், அந்தத் திருடன்.

ஆடு வந்தது. கிழட்டு ஆடு. துன்காரா புத்தி.

என் தம்பி ஸுமானா உன் சிரிப்பைப் பார்த்துவிட்டு, "அக்கா, இவன் அப்பனை மாதிரி இருக்கமாட்டான்" என்கிறான். பள்ளிக்கூட வாத்தியார் அல்லவா, அப்படித்தான் நம்புவான்.

நஸீரா


குன்று மாளிகை
2 டிசம்பர் 1994

என் அடிமை, மீன்வாடைக்காரி நஸீராவுக்கு,

உன் கடிதத்தைப் பிரித்ததும் அறை முழுக்கக் கருவாட்டு நாற்றம். ஜன்னலைத் திறக்கச் சொன்னேன்.

குழிக்கரையில் நான் சிரிக்கிற படம் எல்லா நாட்டுப் பத்திரிகைகளிலும் வந்துவிட்டது. 'சிரிக்கத் தெரிந்த துன்காரா' என்று போட்டிருக்கிறார்கள். தகவல் மந்திரி சொல்கிறார், அந்தப் படம் ஐந்து லட்சம் ஓட்டுக்குச் சமமாம். அப்பா சவப்பெட்டியில் போன அதே வாரத்தில் மேல்சபை என்னை எழுந்து நின்று ஏற்றுக்கொண்டது. ஒரே ஒரு கிழவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். அவருக்கு முட்டி வலி என்று பிறகு தெரிந்தது. அதற்குள் ஓய்வு கொடுத்துவிட்டேன்.

அப்பா பயமுறுத்தி ஆண்டார். நான் சிரித்துக்கொண்டே ஆளப்போகிறேன். ஏப்ரலில் தேர்தல். நீ மேடைக்கு வர வேண்டும். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னைத் திட்டு, பயறுதின்னி என்று சொல், என்ன வேண்டுமானாலும் சொல். ஜனங்கள் சிரிப்பார்கள். சிரிக்கிறவன் கல்லெறிய மாட்டான். உன்னைக் கெஞ்சவில்லை. முறையைச் சொல்லிக் கேட்கிறேன், மறுக்க முடியாது.

பதிலுக்கு நீ என்ன கேட்டாலும் தருவேன். துன்காரா வார்த்தை.

மொதிபோ


கொரோபா
17 ஜனவரி 2000

பயறுதின்னிக்கு,

இரண்டு தேர்தலுக்கு உன் மேடையில் ஆடியிருக்கிறேன். தொண்டை கிழியத் திட்டியிருக்கிறேன். என்னால் இரண்டு தடவை ஜெயித்தாய், வாயால் ஒரு நன்றி இல்லை. போகட்டும்.

ஆற்றங்கரை வானொலியில் காலை அறிவிப்பு வாசிக்கிறவள் நான் என்று உனக்குத் தெரியும். யார் செத்தார்கள், எந்தப் படகு எப்போது வரும், யாருடைய ஆடு காணோம், இதுதான் என் பிழைப்பு. போன வாரம் நீ சட்டத்தை மாற்றி, சாகும்வரை நாற்காலி எனக்கே என்றாய். பள்ளிக்கூட நோட்டுகளின் அட்டையில் உன் மகன் படத்தையும் போட்டாய். ஒன்பது வயது, மூக்கு ஒழுகுகிறது, அடியில் 'வருங்காலம்' என்று எழுத்து. நான் சும்மா இருப்பேனா? ஆடு காணவில்லை அறிவிப்போடு சேர்த்து வாசித்தேன்: "அரசியல் சட்டம் ஒன்று காணவில்லை. பழுப்பு அட்டை. முப்பத்தேழாம் பக்கத்தைப் பயறு தின்கிற ஏதோ ஒரு பிராணி கடித்திருக்கும். கண்டவர்கள் சொல்லவும்."

ஊரே சிரித்தது. மீன் சந்தையில் பெண்கள் தராசைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அது என் உரிமை. உன் அப்பா இருந்திருந்தால் சர்க்கரை வந்திருக்கும்.

ஆனால் வந்தது பட்டாளத்து வண்டி. அதுவும் எனக்கு இல்லை. ஸுமானா அந்த அறிவிப்பை வகுப்பில் சொல்லிச் சிரித்தானாம். கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தவனைப் பிடித்து, ஊருக்கு வெளியே இருக்கிற முகாமுக்குக் கொண்டுபோனார்கள். சுண்ணாம்பு படிந்த கையைக் கழுவக்கூட விடவில்லை.

உன் ஆட்கள் ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அவன் எலும்பும் தோலுமாக இருக்கிறான், குழம்புக்குக்கூட ஆகமாட்டான். மூக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பது ஆடா ஆளா என்று தெரியாது. அனுப்பிவிடு. முறையைச் சொல்லிக் கேட்கிறேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் நீ கொடுத்த வார்த்தையையும் சொல்லிக் கேட்கிறேன்.

நஸீரா


குன்று மாளிகை
9 மார்ச் 2000

மீன்வாடைக்கு,

அடிமைக்குத் தம்பி ஏது? அடிமையின் தம்பியும் எனக்கு அடிமைதான். என் வீட்டில் இருக்கிறான், அவ்வளவுதான்.

கவலைப்படாதே. நன்றாக இருக்கிறான். இரண்டு வேளையும் பயறு தின்கிறான். இன்னும் கொஞ்ச நாளில் அவனே துன்காரா ஆகிவிடுவான், பிறகு நீ அவனையும் திட்ட வேண்டியிருக்கும்.

விளையாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நீதானே சொல்லிக்கொடுத்தாய், கேலிமுறையில் கோபப்படக் கூடாது என்று?

மொதிபோ


கொரோபா
21 ஆகஸ்ட் 2000

மேன்மை தங்கிய குடியரசுத் தலைவர் மொதிபோ துன்காரா அவர்களுக்கு,

கொரோபாவைச் சேர்ந்த நஸீரா தன்யோகோ பணிவுடன் எழுதிக்கொள்வது.

என் தம்பி ஸுமானா தன்யோகோ ஏழு மாதங்களாக முகாமில் இருக்கிறான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் மீன் சோறு கொண்டுபோகிறேன். வாசலில் வாங்கிக்கொள்கிறார்கள். மறுவாரம் பாத்திரம் கழுவித் திரும்பி வருகிறது. அதனால் அவன் சாப்பிடுகிறான் என்று தெரிந்துகொள்கிறேன். அவனைப் பார்க்க மட்டும் விடுவதில்லை.

நான் வானொலியில் வாசித்தது தவறு என்று தாங்கள் கருதினால் அந்தத் தவறு என்னுடையது. என்னை எடுத்துக்கொண்டு அவனை விட்டுவிடுமாறு வேண்டுகிறேன். நான் இனி அறிவிப்பு வாசிப்பதில்லை. வாய் திறப்பதில்லை.

தங்கள் தந்தையின் குழியில் படுத்தவள் என்கிற ஒரே ஒரு உரிமையை வைத்துக் கேட்கிறேன். அவன் முகத்தை ஒரு தடவை பார்க்க விடுங்கள், ஐயா. அது போதும்.

தங்கள் பணிவுள்ள,
நஸீரா தன்யோகோ


குன்று மாளிகை
4 செப்டம்பர் 2000

அம்மையீர்,

தங்கள் 21 ஆகஸ்ட் கடிதம் மேன்மை தங்கிய குடியரசுத் தலைவர் அவர்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது. தாங்கள் இறுதியில் மரியாதையாக எழுதக் கற்றுக்கொண்டது குறித்து அவர் மகிழ்ச்சி தெரிவித்தார். அவருடைய கையொப்பமிட்ட வண்ணப்படம் ஒன்று இத்துடன் அனுப்பப்படுகிறது.

(குடியரசுத் தலைவருக்காக, தனிச் செயலர்)

பின்குறிப்பு, என் கையால்: பார்த்தாயா, உனக்கும் பணிவு வருகிறது. இப்படியே இரு. — மொ.


சந்தாரே
3 மே 2002

நஸீரா,

பயறு வியாபாரியின் பில் காகிதத்தின் பின்பக்கம் எழுதுகிறேன். வேறு தாள் இல்லை.

வானொலியில் கேட்டிருப்பாய். தியெமோகோதான். அப்பாவின் மூன்றாவது மனைவி மகன், நான் ஜெனரல் பதவி கொடுத்துத் தூக்கிவிட்டவன். காலையில் என்னோடு ஒரே தட்டில் கம்பங்களி தின்றான், பத்து மணிக்கு மாளிகை வாசலில் டாங்கியைக் கொண்டுவந்து நிறுத்தினான். கூடத்தில் அப்பா படத்தை அப்படியே விட்டுவிட்டு என் படத்தை மட்டும் இறக்கச் சொன்னானாம். என் மந்திரிகள் எல்லாரும் எழுந்து நின்று அவனை ஏற்றுக்கொண்டார்கள். முட்டி வலிக்காரன் ஒருவன்கூட இல்லை.

மனைவி, மகன் எல்லாம் முன்பே விமானம் ஏறிவிட்டார்கள். நான்தான் பேச்சுவார்த்தை நடத்தலாம் என்று ஒரு மணி நேரம் தாமதித்தேன். இப்போது ஒரு பயறுக் கிடங்கில் ஒளிந்திருக்கிறேன். உங்கள் ஊர் ஆற்றைத் தாண்டினால் வேறு நாடு. ஆற்றில் படகு விடுகிறவர்கள் எல்லாரும் தன்யோகோக்கள். உன் வார்த்தை இல்லாமல் ஒருவனும் என்னை ஏற்றமாட்டான்.

உனக்கு என் மேல் வருத்தம் இருக்கும். இருக்கட்டும். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. முறையைச் சொல்லிக் கேட்கிறேன், நஸீரா. மறுக்கக் கூடாது. நீதான் எழுதினாய், மடித்துப் பையில் வைத்துக்கொள் என்று.

உன் தம்பி எங்கே என்பதை அக்கரையில் கால் வைத்ததும் சொல்கிறேன்.

பயறு கொண்டுவருகிற கிழவர் நம்பிக்கையானவர். பதிலை அவரிடமே கொடு.

மொதிபோ


கொரோபா
4 மே 2002, காலை

அடேய் பயறுதின்னி!

பயறு தின்று பயறு தின்று கடைசியில் பயறு மூட்டைக்கு நடுவிலேயே போய் ஒளிந்துகொண்டாயா? உங்கள் குலத்துக்கு வேறு இடமே தெரியாதா? உன் பாட்டன் குதிரையில் ஓடினான், உன் அப்பன் ராஜ மரியாதையோடு சவப்பெட்டியில் போனான், நீ மூட்டையில் போகிறாய். நல்ல முன்னேற்றம்.

சரி, கேட்டுவிட்டாய். மறுக்க முடியாது. திங்கட்கிழமை சந்தை. கிழவரின் லாரியில் மூட்டைகளுக்குக் கீழே படுத்துக்கொள். பத்து மணிக்குப் படித்துறையில் என் மாமா படகோடு இருப்பார். சந்தைக் கூட்டத்தில் யாரும் உன்னைத் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ஆனால் அக்கரை, இக்கரை என்று என்னிடம் பேரம் பேசாதே. ஸுமானா எங்கே என்று இப்போதே, இதே கிழவரிடம் எழுதி அனுப்பு. எழுதினால் படகு உண்டு. எழுதாவிட்டால் பயறிலேயே முளைவிட்டுக் கிட.

உன் எஜமானி


சந்தாரே
4 மே 2002, மாலை

மீன்வாடைக்காரி,

பயறுதின்னி என்கிற முதல் வார்த்தையைப் பார்த்ததுமே எனக்கு அழுகை வந்துவிட்டது. கிடங்கில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் நீ 'மேன்மை தங்கிய' என்று எழுதினாயே, அன்றைக்கு அது எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த மூன்று நாளாகத்தான் அதை நினைத்து பயந்தேன். உறவு அறுந்துவிட்டது என்றே நினைத்தேன். இல்லை, நீ திட்டுகிறாய். திட்டுகிற வாய் காட்டிக்கொடுக்காது. இனி எனக்கு பயமில்லை.

ஸுமானா உயிரோடு இல்லை. உனக்கும் தெரிந்திருக்கும். காய்ச்சல் என்றார்கள். முகாமின் பின்சுவரை ஒட்டித் துணி துவைக்கிற கல் இருக்கிறது. அதிலிருந்து மூன்றாவது வேப்பமரம். அங்கேதான்.

நான் கொல்லச் சொல்லவில்லை, நஸீரா. தளபதி போன் செய்தபோது, "சிரிச்சானே, அந்த வாத்தியாரா? இன்னும் சிரிக்கிறானா?" என்று மட்டும்தான் கேட்டேன். அவர்களாக ஏதோ புரிந்துகொண்டார்கள்.

அக்கரையில் உனக்கு என்ன வேண்டுமானாலும் செய்கிறேன். திங்கட்கிழமை பார்ப்போம்.

உன் பயறுதின்னி


கொரோபா
20 மே 2002

மொதிபோ துன்காராவுக்கு,
தலைநகர் மத்தியச் சிறை.

உனக்குக் கடிதம் கொடுக்க அனுமதி வாங்கியிருக்கிறேன். நிதானமாகப் படி.

நீ சொன்ன இடத்தை ஞாயிற்றுக்கிழமையே தோண்டினோம். முகாமில் உன் ஆட்கள் யாரும் இல்லை, ஒரு சமையல்காரன் மட்டும் இருந்தான். அவனே மண்வெட்டி கொண்டுவந்தான். மூன்றாவது வேப்பமரம், சரியாகத்தான் சொல்லியிருந்தாய். முதலில் கிடைத்தது அவன் மூக்குக் கண்ணாடி.

"எப்போ?" என்று அந்தச் சமையல்காரனைக் கேட்டேன். அவன் வாசல் பதிவேட்டைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினான். பிப்ரவரி 27, இரண்டாயிரம். உன் கடிதங்களை எல்லாம் நான் வைத்திருக்கிறேன். 'நன்றாக இருக்கிறான், இரண்டு வேளையும் பயறு தின்கிறான்' என்று நீ எழுதியது மார்ச் 9. அவன் மண்ணுக்குள் போய்ப் பதினோரு நாள் கழித்து.

"அப்ப அந்தச் சோறு?" என்றேன். சமையல்காரன் தலையைக் குனிந்துகொண்டான். "வாசக்காரனுங்க தின்னாங்கக்கா. நானும் தின்னேன். வாராவாரம் வெள்ளிக்கிழமை எப்ப வரும்னு இருப்போம். பாத்திரம் கழுவி வெச்சது நான்தான். அதுலயாவது குறை இருக்கக் கூடாதுன்னு." அவனை அடிக்கக்கூட எனக்குக் கை வரவில்லை. இரண்டு வருடமாக அவர்களுக்கு நான் முள் எடுத்துச் சமைத்திருக்கிறேன், மொதிபோ. ஸுமானாவுக்குக் கண் தெரியாது, முள் சிக்கிக்கொள்ளும் என்று ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் திங்கட்கிழமை காலை வானொலி நிலையத்துக்குப் போனேன். இரண்டு வருடமாக வாசிக்காதவள் வந்து உட்கார்ந்ததும் நிலையத்துக்காரர் எழுந்து நின்றார். வாசித்தேன்: "சந்தாரேயிலிருந்து பத்து மணிக்கு வரும் பயறு லாரியில் ஒரு மூட்டைக்குக் கால் முளைத்திருக்கிறது. சொந்தக்காரர்கள் அடையாளம் காட்டிப் பெற்றுக்கொள்ளவும்."

ஊருக்கு உடனே புரிந்துவிட்டது. சந்தையே படித்துறைக்கு ஓடி வந்தது. பெண்கள் துடுப்பால் மூட்டைகளைக் குத்திப் பார்த்தார்கள். "இது பயறா, பயறுதின்னியா?" என்று ஒவ்வொரு மூட்டையாகக் கேட்டார்கள். தலை முழுக்க உமியோடு நீ எழுந்து நின்றபோது என்னைப் பார்த்தாய். பார்த்துச் சிரித்தாய். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. முறைக்காரி ஊரைக் கூட்டி, கேலி செய்து வரவேற்கிறாள் என்று நினைத்துக்கொண்டாய். பட்டாளத்து வண்டி வந்து நிற்கும்வரை சிரித்துக்கொண்டே இருந்தாய்.

நான் வாக்குத் தவறவில்லை. படகு படித்துறையில்தான் நின்றது. மாமா துடுப்போடு உட்கார்ந்திருந்தார். லாரியிலிருந்து நூற்றிருபது அடி. நான் செய்தது ஒரு கேலி, அவ்வளவுதான். கேலிமுறையில் கோபப்படக் கூடாது.

ஸுமானாவின் எலும்புகளைப் பார்த்து எழுதித் தர அரசாங்க டாக்டருக்கு இரண்டு வாரம் ஆயிற்று. காய்ச்சல் என்று அவர் எழுதவில்லை. மண்டை ஓட்டில் இரண்டு இடத்தில் உடைப்பு என்று எழுதியிருக்கிறார். நேற்று எங்களிடம் கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை புதைக்கிறோம்.

தன்யோகோ செத்தால் குழி மறிக்க வேண்டியவன் துன்காரா. உன் தம்பி தியெமோகோவைப் போய்ப் பார்த்தேன். இப்போது அவன்தான் ஜனாதிபதி, மாளிகையில் உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். "நானே வர்றேன் நஸீரா, நானே எறங்குறேன்" என்றான். பத்திரிகைக்காரர்கள் வருவார்களா என்றும் கேட்டான். "வேண்டாம், மூத்தவன் இருக்கும்போது இளையவன் எறங்கக் கூடாது. உன் அண்ணனை ஒரு நாள் விடு. முறையைச் சொல்லிக் கேக்குறேன்" என்றேன். அவன் ஊரில் வளர்ந்தவன். முறைக்காரி கேட்டால் மறுக்கக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். உடனே கையெழுத்துப் போட்டான்.

வெள்ளிக்கிழமை காலை உன்னை விலங்கோடு கொண்டுவருவார்கள். குழி ஓரத்தில் விலங்கை அவிழ்ப்பார்கள். செத்தவன் பொருளை அணிந்துதான் இறங்க வேண்டும், அதனால் அவனுடைய மூக்குக் கண்ணாடியை இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். ஒரு பக்கக் கண்ணாடி இல்லை. மண்ணை நான் துடைக்கவில்லை. அவன் குரல் உனக்குத் தெரியாது. கொஞ்சம் மூக்கால் பேசுவான், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் "பிள்ளைகளே" என்பான். பேசிப் பழகிக்கொள். ஊரே வரும். அவன் மாணவர்கள் எல்லாரும் வருவார்கள், இப்போது அவர்களுக்கு மீசை முளைத்துவிட்டது. நல்லதாக ஏதாவது யோசித்து வை.

ஆடு கட்டி வைத்திருக்கிறேன். இளம் ஆடு, உங்களைப் போலக் கிழட்டு ஆடு இல்லை.

அழுகிறவள் சிரிக்கும்வரை குழியை விட்டு நீ எழுந்திருக்கக் கூடாது. அழுகிறவள் நான். லாரியில் உன்னைப் பார்த்து ஊரே சிரித்தபோதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருடமாக வரவில்லை.

வா, பயறுதின்னி. வந்து படு.

நஸீரா தன்யோகோ